மீன் எண்ணெய் வாடை அடித்த உப்பு லாரி

டிரைவர் டீசலைத் திருடுகிறாரா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னை அந்த லாரியில் ஏற்றிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில், டீசல் விலை ஏறி, தரையில் ஒரு சொட்டுச் சிந்தினாலும் லாரி முதலாளிகள் சண்டைக்கு வந்த காலம் அது.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். தாமிரபரணிக் கரையில் நெல் விளையும் ஊரில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பம்பாயில் ஒரு மில் கேன்டீன், கொல்லத்தில் முந்திரி ஆலை, பிறகு ஒரு கல்குவாரி என்று சுற்றிவிட்டுத் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்திருந்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தரித்ததில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. உட்கார்ந்த இடம் சீக்கிரம் சலித்துப்போகும், அவ்வளவுதான். மில்லர்புரம் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்தது. பகலில் வேலை பார்த்த பெஞ்சிலேயே படுக்கை. குவாரியில் ஜெனரேட்டர் பார்த்த பழக்கத்தில் டீசல் என்ஜின் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சத்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடியது.

அந்த லாரியின் முதலாளி ஒரு உப்பு வியாபாரி. சாத்தான்குளத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர், அதிகம் பேச மாட்டார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு மூன்று லாரிகள். வடக்கே வைப்பாறு பக்கத்து உப்பளங்களில் உப்பு ஏற்றி வந்து, துறைமுகத்துக் கிட்டங்கியில் இறக்குவது அவற்றின் வேலை. மற்ற இரண்டும் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தன. இது மூன்றுகூடக் கொடுக்கவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. முன்பு டாப் கியரில் போன இடத்தில் இப்போது ஒரு கியர் இறக்க வேண்டும் என்று டிரைவர் சொன்னார்.

வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது. என்ஜின் கோளாறு என்று வந்ததால் என்ஜினைப் பார்த்தோம். டீசல் பில்டரை மாற்றினோம். ஏர் கிளீனரைக் கழுவிப் புது ஆயில் ஊற்றினோம். நாசில்களையும் பம்பையும் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். குறை இல்லை என்று திரும்பி வந்தன. டாப்பெட் இடைவெளி சரி பார்த்தோம். எங்கள் மேஸ்திரி நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை அழுத்திக் காது கொடுத்துக் கேட்டார். புகை அளவாகத்தான் வந்தது. சத்தத்தில் ஒரு பிசிறு கிடையாது. வெறும் வண்டியாக ஒரு சுற்றுப் போய்வந்து, என்ஜின் புதுசு மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சீட்டுதான் டிரைவரின் கழுத்தைப் பிடித்தது. என்ஜின் நன்றாக இருக்கிறது என்றால் டீசல் எங்கே போகிறது? டிரைவர் கீழவைப்பார்க்காரர். அவருடைய தங்கையைக் கட்டியவருக்கு விசைப்படகு இருந்தது. படகுக்கும் டீசல்தான். உப்பளத்துக்குப் போகிற வழியில்தான் ஊருக்குள் பிரியும் கீழவைப்பார் விலக்கு. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் யாருக்கும் ஒரு கணக்கு வரும். அண்ணாச்சிக்கும் வந்தது. கிட்டங்கிக்கு எதிரே இருந்த டீக்கடையில், லோடுமேன்கள் எல்லாரும் இருக்கும்போது சொல்லிவிட்டார்:

"என்ஜினு நல்லாத்தான் இருக்குங்காவ. அப்பம் டீசலு எங்க போவுது? கடலுக்குத்தான் போவுது."

டிரைவர் கையில் இருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் வரவில்லை.

அதன் பிறகும் இரண்டு மாதம் டீசல் அப்படியேதான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டாங்கி மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்து, மூன்று நாள் கூடவே போய்வா என்றார் அண்ணாச்சி. பட்டறையில் அந்த வாரம் வேலை குறைவு. சரி என்றேன். வேவு பார்க்கிற வேலை என்று எனக்கு உறைத்தது. ஆனால் அதற்கு முன்பு பார்த்த வேலைகளும் மாலை போட்டு வரவேற்கிற வேலைகள் அல்ல.

டிரைவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் மாதா சுரூபம் தொங்கும் கறுப்புக் கயிறு. முதல் நாள் காலையில் நான் கதவைத் திறந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏறும் இன்ஸ்பெக்டரே. சீட்டுல ஆணி கெடக்கு, பாத்து உக்காரும். பொறவு அதையும் நான்தான் வச்சேன்னு எழுதிருவீரு."

முதல் இரண்டு நாளும் எனக்கு அதுதான் பெயர்.

பட்டறையிலேயே மூக்கைத் துளைத்த மீன் எண்ணெய் வாடை, ஏறியதும் முகத்தில் அடித்தது. உப்பு ஏற்றுகிற வண்டியில் ஏன் இந்த நாற்றம் என்று கேட்டேன். அவருக்குப் பேச விருப்பம் இல்லாவிட்டாலும் அதைப் பற்றிக் கேட்டால் பேசாமல் இருக்க முடியவில்லை. உப்பு இரும்பைத் தின்னும். மற்ற உப்பு லாரிகளின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தால் தெரியும், பிஸ்கட் மாதிரி உதிரும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் வள்ளத்துக்குச் சாளை மீன் எண்ணெய் பூசியே முப்பது வருஷம் கடலில் ஓட்டினார்கள். வள்ளத்துக்கு ஆகிறது வண்டிக்கு ஆகாதா? தங்கை வீட்டில் சாளையைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து டின்னில் வைத்திருப்பாள். அதை வாங்கி வந்து மாதம் ஒரு தடவை வண்டிக்குக் கீழே படுத்து, துணியால் சேஸிஸ், ஸ்பிரிங், ராடு என்று ஒன்று விடாமல் பூசுவார். மூன்று வருஷமாக இந்தப் பூச்சு நடக்கிறது. வண்டி நின்றதும் நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். உண்மைதான். துரு ஒரு பொட்டு இல்லை. அரக்குப் பூசிய கொலு பொம்மை மாதிரி பழுப்பாக மின்னியது.

இதனால் போகிற இடமெல்லாம் நாய்கள் பின்னால் வரும். வண்டி நின்றால் போதும், நாலைந்து நாய்கள் கீழே புகுந்து நக்க ஆரம்பித்துவிடும். உப்பளத்தில் ஓலைப்பெட்டியில் உப்புச் சுமக்கிற பெண் ஒருத்தி, "அண்ணே, ஒம்ம வண்டி வந்தா எங்களுக்குச் சோறு எறங்குது, வெறுஞ் சோத்தைக் கொண்டாந்து இந்த வாடையிலயே தின்னுட்டுப் போயிரலாம்" என்றாள். டிரைவர் அதற்கு மட்டும் சிரித்தார்.

அந்தப் பெண்கள் விஷயத்தில் அவர் கவனமாக இருந்தார். உப்பை அம்பாரமாகக் குவித்திருக்கும் தட்டுமேட்டுக்கு வண்டியைப் பின்னால் ஏற்ற வேண்டும். சரிவில் நிற்கிற வண்டிக்குப் பின்னால்தான் பெண்கள் தலைச்சுமையோடு வரிசையாக வருவார்கள். எங்கேயோ ஒரு அளத்தில் வண்டி பின்னால் உருண்டு ஒருத்திக்குக் கால் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அதனால் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து இழுப்பார். பிறகு இறங்கிப்போய் சக்கரத்துக்குக் கல்லும் வைப்பார்.

முதல் நாள் லோடு ஏற்றித் திரும்புகையில் கீழவைப்பார் விலக்கு வந்தது. அங்கே சிலுவை நட்ட ஒரு சின்னக் குருசடி. டிரைவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் போனார். வீடு இங்கேதானே என்று கேட்டேன். தங்கை பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றார்.

"போனா டீசல் ஊத்தப் போனாம்பாவ. இந்தக் களவாணிப் பட்டம் கழியட்டும், பொறவு போறேன்."

இரண்டு நாள் முடிவில் டாங்கியைத் திறந்து கம்பு விட்டு அளந்தேன். டீசல் எப்போதும் போலத்தான் குறைந்திருந்தது. பூட்டு பூட்டாகவே இருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது, வண்டியை விட்டு நான் ஒரு நிமிஷம் விலகவில்லை. ஏற்றத்தில் வண்டி முக்கித் திணறியதையும் என் முதுகாலேயே உணர்ந்தேன். அண்ணாச்சியிடம் போய், அவர் எடுக்கவில்லை, வண்டிதான் குடிக்கிறது என்றேன். பட்டறைச் சீட்டை எடுத்து என் முன்னால் போட்டார்.

"உங்க மேஸ்திரி எழுதினது இது. நீ இப்பம் வேற சொல்லுத. ரெண்டு நாள்ல உன்னையும் மச்சானாக்கிட்டானோ?"

நாளை மாலை லோடு இறக்கியதும் வண்டிச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடு என்றார். அவ்வளவுதான். டீசல் திருடன் என்று ஒரு தடவை வெளியே போனால் தூத்துக்குடியில் எந்த முதலாளியும் ஸ்டீயரிங்கைத் தொட விட மாட்டார். டிரைவருக்கு அந்தத் தொழிலைத் தவிர வேறு தெரியாது. கடலுக்குப் போனால் வாந்தி எடுப்பார். அதனால்தான் ஊரில் எல்லாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் லாரிக்கு வந்தார்.

மூன்றாம் நாள் காலையில் அதை அவரிடம் நானே சொன்னேன். சொல்லாமல் கூட உட்கார்ந்திருக்க முடியவில்லை. அன்றைக்கு என்னை இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடவில்லை.

திரும்பும்போது குளத்தூர்ப் பக்கம் சாலையோர டீக்கடை ஒன்றில் நிறுத்தினார். லோடோடு பத்துப் பன்னிரண்டு மைல் வந்திருந்தோம். வழக்கம்போல நாய்கள் வந்தன. நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் நின்றேன். ஒரு செவலை நாய் முன் சக்கரத்தை மோந்து, காலைத் தூக்கிவிட்டுப் பின் சக்கரத்துக்கு வந்தது. அங்கேயும் தூக்கியது. 'சுர்ர்' என்று ஒரு சத்தம், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. ஆவி எழும்பியது. நாய் தூக்கிய காலை இறக்க மறந்து மூன்று காலில் தத்திக்கொண்டு ஓடியது.

டீக்கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

முன் சக்கரத்தில் சத்தம் இல்லை. பின் சக்கரத்தில் ஏன்?

போய்ப் பின் சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன். விரல் பொசுங்கியது. மறுபக்கம் ஓடிப்போய் அந்தச் சக்கரத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் எட்ட வைத்துப் பார்த்தேன். அதே அனல். முன் சக்கரங்கள் இரண்டும் வெயிலில் கிடந்த சூடுதான். கிட்டே குனிந்தால் கருகல் நெடியும் வந்தது. இத்தனை நாளும் அந்த நெடி மீன் எண்ணெய் வாடைக்குள்ளே ஒளிந்திருந்தது. வாடை அடிக்கிற வண்டி என்று பெயர் வாங்கிவிட்டதால் எது எந்த வாடை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பட்டறையில் வைத்து இந்த வண்டியைத் தள்ள எட்டுப் பேர் வேண்டியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அன்றே யோசித்திருக்க வேண்டும். என்ஜின் கோளாறு என்று வந்த வண்டியின் சக்கரத்தை எங்களில் ஒருவரும் தொடவில்லை.

டிரைவரைக் கூப்பிட்டு, ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா என்று கேட்டேன். கேபினுக்குள் எட்டிப் பார்த்து, நெம்புகோல் தரையோடு கிடக்கிறது என்றார். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கி வைத்துப் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினோம். கியர் நியூட்ரலில்தான் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து சுற்றியும் சக்கரம் முக்கால் சுற்றுக்கு மேல் போகவில்லை. நான் கீழே படுத்து உள்ளே போனேன்.

கேபினில் இருந்து வருகிற ராடு, நடுவில் ஒரு குறுக்குத் தண்டைத் திருப்பும். அந்தத் தண்டுதான் இரண்டு பக்கத்துப் பிரேக்கையும் பிடிக்கும். விட்டதும் அதைத் திரும்ப இழுக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. தண்டு சுழல்கிற இடமும் ஸ்பிரிங்கும் எங்கே என்றே தெரியவில்லை. மூன்று வருஷத்து மீன் எண்ணெய், உப்புத் தூள், காற்றுக் காலத்துச் செம்மண் எல்லாம் சேர்ந்து, இறுகிய பலாப்பால் மாதிரி மூடியிருந்தது. ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. இழுக்கும்போது மனிதன் இரண்டு கையாலும் இழுக்கிறான், அது போய்விடுகிறது. திரும்பி வர அந்தச் சின்ன ஸ்பிரிங்கை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் பாதி வந்து நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிடிப்பதால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இல்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே பாரத்தை இழுத்த என்ஜின் டீசலைக் குடிக்காமல் என்ன செய்யும்?

சுத்தியலால் தண்டின் கையை ஒரு போடு போட்டேன். 'டக்' என்று பின்னால் போனது. வெளியே டிரைவர் சக்கரத்தைத் தள்ளியிருக்கிறார் போலிருக்கிறது. அது சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை.

நான் வெளியே வந்தபோது அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதனால் என்று கேட்டார். என் கையில் ஒட்டியிருந்த பழுப்புப் பிசினைக் காட்டினேன். மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு மணலில் கோடு போட்டார்.

டீக்கடையில் மண்ணெண்ணெய் வாங்கி, இரண்டு பேரும் படுத்து, ஒரு மணி நேரம் சுரண்டினோம். மெழுகை உரித்த மாதிரி பட்டை பட்டையாக வந்தது. அவர் பூசியதை அவரே சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அண்ணாச்சியிடம் ஸ்பிரிங் ஒடிந்திருந்தது என்று சொல்லிவிடலாம், எண்ணெய் விஷயம் வேண்டாம் என்றேன். வண்டியைக் கெடுத்தவன் என்று அதற்காகவே வேலையை விட்டு நிறுத்திவிடலாமே.

அவர் சுரண்டிக்கொண்டிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் வே. நான் பூசித்தான் கெட்டுதுன்னே சொல்லும். கிறுக்குப்பயன்னு சொல்லிட்டுப் போறாரு. களவாணின்னு மட்டும் சொல்லப்பிடாது."

அதற்குப் பிறகு தூத்துக்குடி வரை அவர் ஓட்டியதை நான் மறக்கவில்லை. முழு லோடு. கியரை டாப்பில் போட்டார், வண்டி போனது. சமதளத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுத் தந்திக் கம்பங்களை எண்ணச் சொன்னார். ஒன்பது எண்ணும்வரை வண்டி ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுது வே, ஓடுது" என்று இரண்டு தரம் சொன்னார். அவ்வளவுதான்.

கிட்டங்கியில் அண்ணாச்சி எனக்காகக் காத்திருந்தார், சாவிக்காக. நடந்ததை நடந்தபடி சொன்னேன். எண்ணெயையும் சொன்னேன். கைகளைக் காட்டினேன். அவர் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நீயே இன்னும் இரண்டு நாள் போய்வா, பூட்டு இருக்கட்டும் என்றார். போய்வந்தோம். கம்பை விட்டு அளந்தபோது இந்தத் தடவை அண்ணாச்சியே பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தார். மற்ற இரண்டு வண்டிகளுக்கு இது குறைவில்லை. நிமிர்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, டிரைவரைப் பார்த்து, கிரீஸ் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள், தெரியுமா என்றார்.

"தெரியும் அண்ணாச்சி. நீங்க அன்னைக்கு டீக்கடையில வச்சுச் சொன்னீயல்லா, அதையும் அங்கன வச்சே மாத்திச் சொல்லிட்டீயன்னா நாளைக்கு லோடு எடுக்கேன்."

ஒரு முதலாளியிடம் ஒரு டிரைவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. லோடுமேன்கள் மூட்டையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி தெருவைத் தாண்டி டீக்கடைக்கு நடந்தார். பின்னாலேயே போனோம். அங்கே இரண்டு டீ சொல்லி, ஒன்றை டிரைவர் பக்கம் நகர்த்திவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பிரேக்குதான் பிடிச்சிருந்திருக்கு. டீசலு ஒண்ணும் கடலுக்குப் போவலை."

மன்னிப்பு என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் டிரைவர் அந்த டீயை முழுசாகக் குடித்தார்.

மறுநாள் பூட்டை எடுத்துவிட்டார்கள். எனக்கு வேலை முடிந்தது. டிரைவர் விடவில்லை, ஒருநாள் சும்மா வாரும் என்றார். பட்டறையில் கேட்டுக்கொண்டு போனேன். கீழவைப்பார் விலக்கில் வண்டியை நிறுத்தி, இரண்டு பேரும் ஊருக்குள் நடந்தோம். தங்கை பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள், இரண்டு மாதமாக ஏன் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருந்தது. தங்கையின் வீட்டுக்காரர்தான் வலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"எம்புட்டு டீசலு எனக்குத் தந்திருக்கீரு மச்சான்! நான்தான் அதை வச்சுக்கிட்டு இன்னும் இங்கனயே கெடக்கேன். இந்நேரம் கொழும்பு போயிருக்கலாம்."

டிரைவர் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தார். தங்கை கஞ்சியும் சாளைப் பொரியலும் தந்தாள். கிளம்பும்போது உள்ளே போய் ஒரு டின்னைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மீன் எண்ணெய். அண்ணன் வராத இரண்டு மாதமும் காய்ச்சிக் காய்ச்சிச் சேர்த்து வைத்திருந்தாள். டின் விளிம்புவரை இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் டின்னை வாங்கிக்கொண்டார்.

சாலைக்கு வந்ததும் வண்டியின் பின்கதவுப் பலகையைத் தட்டிப் பார்த்தார். அந்தக் கால லாரிகளுக்குப் பின்கூடு முழுக்க மரம். உப்பு மரத்தையும் சும்மா விடாது. அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, துணியை எண்ணெயில் முக்கி, பலகை பலகையாகப் பூச ஆரம்பித்தார். கீழே இரும்பில் ஒரு சொட்டு விழுந்துவிடாமல், இடதுகையைக் குழித்துத் தாங்கிக்கொண்டே பூசினார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போனேன். நாங்கள் முடிப்பதற்குள் குருசடிப் பக்கமிருந்து இரண்டு நாய்கள் வந்துவிட்டன.